எட்டு சிலிண்டர் வண்டியும் என் வீட்டுக்காரரும்

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே நாட்டில்தான் வேலை பார்த்தோம். நான் அபுதாபியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவர் துபாய்ப் பக்கம் ஜெபல் அலியில் கிரேனுக்குக் கை காட்டுகிற சிக்னல்மேன். நடுவில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ரோடு. ஊரில் இதைக் கேட்ட எல்லாரும், "குடுத்து வச்சவ, ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கிய" என்றார்கள். ஒன்றாக எங்கே இருந்தோம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அவருடைய கேம்ப்பில் ஒரு ரூமுக்கு எட்டு ஆண்கள். கேட்டுக்குள் பெண் காலடியே படக்கூடாது. என் பிளாட்டில் மூன்று ரூமில் ஒன்பது நர்ஸுகள். எங்கள் வீட்டு ஆண்கள் யார் வந்தாலும் லிஃப்ட்டுக்குக் கீழேயே நின்றுகொள்ள வேண்டும். தனியாக வீடு எடுக்கலாம் என்றால் ஒரு சம்பளம் முழுசாக வாடகைக்கே போய்விடும். மகள் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். ஆகவே கல்யாணமாகி இருபது வருஷம் ஆன நாங்கள், பார்க் பெஞ்சிலும் மாலின் ஃபுட் கோர்ட்டிலும் சந்தித்துக்கொண்டோம். ஒரு தடவை பார்க்கில் செக்யூரிட்டி வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார். என் நரைமுடிதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மாதத்தில் ஒரு நாள் கிடைத்தாலும் போதும் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கதவு எனக்கு ஒரு வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு வந்தது. எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற ஐரோப்பியர் ஒருவர் வேலையை முடித்துக்கொண்டு நாடு திரும்பினார். அவரிடம் ஒரு பழைய கேரவன் இருந்தது. கட்டில், இரட்டை அடுப்பு, அலமாரி அகலத்துக்கு ஒரு குளியலறை, உள்ளே தாழ்ப்பாள். அதை இழுக்க ஒரு பிரம்மாண்டமான பிக்கப். இரண்டையும் யாரும் சேர்த்து வாங்க வரவில்லை. பிரித்துக் கொடுக்க அவருக்கு மனசில்லை. டியூட்டி ரூமில் அவர் போட்டோவைக் காட்டியபோது மற்றவர்கள் வண்டியைப் பார்த்தார்கள். நான் தாழ்ப்பாளைப் பார்த்தேன். அவர் கேட்டது ஒரு சின்னக் காரின் விலைதான். அன்று சாயங்காலமே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"வீடு ஒண்ணு வாங்கப் போறேன்."

"எங்கன?"

"சக்கரத்து மேல."

"ஏளா, டியூட்டி ஜாஸ்தியோ?" என்றார்.

அந்தப் பிக்கப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எட்டு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. கதவுப்பிடி என் தோள் உயரத்தில் இருந்தது. ஏறுவதற்குப் பக்கப்படி, படியில் கால் வைத்த பிறகு பிடித்துத் தொங்க ஒரு கைப்பிடி. இரண்டும் இல்லாவிட்டால் நான் ஸ்டூல் போட்டுத்தான் ஏறியிருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்தால் பார்க்கிங்கில் தூங்குகிற பூனைகள் எல்லாம் எழுந்து இடம் மாறும். பெட்ரோல் பங்கில் குழாயைச் சொருகிவிட்டு அந்தப் பையன் இன்னும் இரண்டு கார்களைக் கவனித்துவிட்டு வருவான். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். டீசல் வண்டியாகப் பார்த்து வாங்கியிருக்கலாமே என்று எனக்கு அறிவுரை சொல்லாத ஆளே இல்லை. சொன்னவர்களில் ஒருத்தர்கூட அதுவரை ஒரு சைக்கிளைக்கூடக் கட்டி இழுத்ததில்லை.

இவ்வளவு பெரிய வண்டி எதற்கு, சாதாரண கார் இழுக்காதா என்று நானும் அந்த எக்ஸ்ரேக்காரரிடம் கேட்டேன். "இழுத்துவிடும். நிறுத்துவதுதான் கஷ்டம்" என்றார். பிரேக் போடும்போது பின்னால் இருக்கிற வீடு முன்னால் இருக்கிற வண்டியைத் தள்ளும். தள்ளினால் அசையாமல் நிற்க முன்வண்டிக்கு எடை வேண்டும். முதல் தடவை ஹைவேயில் ஒரு சிமெண்ட் லாரி எங்களைத் தாண்டிப் போனபோது காற்று கேரவனை ஒரு பக்கமாக அசைத்தது. அப்போது அந்தப் பிக்கப் எருமை மாதிரி திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அது குடிக்கிற பெட்ரோலைப் பற்றி நான் முணுமுணுத்ததில்லை.

வண்டி ஓட்டியது நான்தான். அவருக்கு லைசென்ஸ் கிடையாது. முயற்சி செய்யாமல் இல்லை. டெஸ்ட்டுக்குப் போய்ப் போய் அங்கே இருக்கிற போலீஸ்காரர்கள் எல்லாம் அவருக்குப் பழக்கமாகிவிட்டார்கள். ஓட்டுவதெல்லாம் நன்றாகத்தான் ஓட்டுவார். எதிரில் ஒரு வண்டி வந்துவிட்டால் மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு அதற்குச் சிக்னல் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். தொழில் பழக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரர் தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பார். கடைசி டெஸ்ட்டில் அந்த ஆள் இறங்கி, "கலாஸ், பாய், கலாஸ்", போதுமப்பா போதும் என்று கும்பிட்டுவிட்டாராம்.

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் படகுகளும் டிரெய்லர்களும் நிறுத்துகிற ஒரு யார்டில் கேரவனுக்கு இடம் பிடித்தோம். குளிர்காலம் தொடங்கியதும், இருவருக்கும் ஒரே நாளில் லீவு விழுகிற அபூர்வமான ஒரு வெள்ளிக்கிழமை, முதல் பயணம் கிளம்பினோம். அபுதாபிக்கு மேற்கே, குடும்பங்கள் கூடாரம் அடிக்கிற ஒரு கடற்கரை. கொக்கியை மாட்டினதும் அவர் குனிந்து அதை ஆட்டிப் பார்த்தார். கொக்கி கழன்றாலும் விடாமல் பிடிக்கிற செயினைக் குறுக்காகப் போட்டார். லைட்டு வயரைச் சொருகிவிட்டு என்னை பிரேக் மிதிக்கச் சொல்லி, பின்னால் போய்ச் சிவப்பு எரிகிறதா என்று பார்த்தார். கிரேனில் தூக்குகிற இரும்பானாலும் எங்கள் வீடானாலும் அவருக்கு ஒன்றுதான். போகிற வழியெல்லாம், எதிரில் வருகிற ஒவ்வொரு லாரிக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒதுங்கச் சொல்லிக் கை காட்டிக்கொண்டு வந்தார். லாரிகளும் ஒதுங்கித்தான் போயின.

கடற்கரையில் வந்தது வினை. எங்களுக்குக் கிடைத்த இடம் இரண்டு மணல்மேட்டுக்கு நடுவில் ஒரு சந்து. கதவு கடலைப் பார்க்க வேண்டும் என்றால் கேரவனைப் பின்னுக்குத் தள்ளித்தான் உள்ளே விட வேண்டும். நான் வண்டி ஓட்டிய அத்தனை வருஷத்திலும் அப்படி ஒன்றைச் செய்ததில்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் பின்னால் இருப்பது வலது பக்கம் போகிறது. சரி, வலது பக்கம் திருப்பலாம் என்றால் அதற்குள் அது மடங்கிக்கொண்டு என்னையே எட்டிப் பார்க்கிறது. இரண்டு தடவை முன்னே பின்னே போனதும் கடற்கரையே எழுந்து வந்துவிட்டது. ஒரு பாகிஸ்தான் பட்டாணி பாய், "ஆனே தோ, ஆனே தோ", வரட்டும் வரட்டும் என்றார். கந்தூரா என்கிற நீள வெள்ளை அங்கி போட்ட ஒரு அரபி இளைஞன், "யல்லா, யல்லா, லெஃப்ட்" என்றான். பிலிப்பினோப் பெண்கள் இரண்டு பேர், "ரைட், மேடம், ரைட்" என்று கத்தினார்கள். நான் நல்ல பிள்ளையாக எல்லாரும் சொன்னதையும் கேட்டேன். கேரவன் மணல்மேட்டில் ஏறியது.

அப்போது ஒரு விசில் சத்தம். பாக்கெட்டில் விசிலோடு கடற்கரைக்கு வந்த ஒரே மனிதர் என் வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். ஓடி வந்து என் ஜன்னலைத் தட்டினார்.

"ஏளா, ஒனக்கு எத்தன சிக்னல்மேன்?"

"எல்லாரும் சொல்லுதாவ, நான் என்ன செய்ய?"

"நில்லுன்னு யாரு வேணாலும் சொல்லலாம். சொன்னா நின்னுரணும். வான்னு ஒருத்தன்தான் சொல்லணும். இங்கன அது நான்தான். என் கைய மட்டும் பாரு."

கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். அத்தனை நாட்டு மக்களும் கப்சிப் என்று பின்வாங்கினார்கள். அந்த மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஊர் வீட்டில் என்னிடம் தண்ணீர் கேட்கக்கூடத் தயங்குகிறவர், மணலில் காலை அகட்டி நின்றுகொண்டு, சுண்டுவிரல் அளவுக்குத் திருப்பு என்றால் சுண்டுவிரலைக் காட்டினார். நிறுத்து என்றால் முஷ்டியை மூடினார். நான் கண்ணாடியில் அவர் கையை மட்டும் பார்த்தேன். கேரவன் சந்துக்குள் போய் உட்கார்ந்தது. பட்டாணி பாய் கைதட்டினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

உள்ளே போனோம். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். திறந்தேன். மறுபடி போட்டேன். அவர் சிரித்தார். டீ போட்டு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சக்கர போதுமா?" என்றார். நானும் மெதுவாக, "போதும்" என்றேன். மகளைப் பற்றிப் பேசினோம். ஊரில் கிணறு வற்றியதைப் பற்றிப் பேசினோம். எல்லாமே கிசுகிசுப்பாக. டீ ஆறுகிற நேரத்தில் எனக்கு உறைத்தது.

"ஏன் மெதுவாப் பேசுதிய?"

"நீ ஏன் மெதுவாப் பேசுத?"

என் ரூமில் எந்நேரமும் நைட் டியூட்டி முடித்த ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள். அவர் ரூமிலும் அப்படித்தான். இத்தனை வருஷம் போனில் பேசியதெல்லாம் பக்கத்துக் கட்டிலை எழுப்பிவிடாமல் பேசியது. எங்களுக்குச் சத்தமாகப் பேசவே மறந்து போயிருந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கிரேன் ஆப்பரேட்டருக்குக் கேட்கிற குரலில், "சக்கர போதுமா?" என்று கத்தினார். "போதும்!" என்று நானும் கத்தினேன். அடுத்த கூடாரத்து அரபிப் பெரியவர் சண்டையோ என்று பயந்து வந்து கதவைத் தட்டிவிட்டார். அவருக்கும் ஒரு டீ கொடுத்து அனுப்பினோம்.

காலையில் குளித்துவிட்டு வந்தவர் தன் சோப்பைத் துடைத்து டப்பாவில் போட்டு, டப்பாவைப் பையில் வைத்துப் பையைப் பூட்டினார். "யாரு எடுத்துரப் போறா, நானா?" என்று கேட்டேன். அசடு வழிந்தபடி பையைத் திறந்து சோப்பை என் சோப்புக்குப் பக்கத்தில் வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். கேஸ் அடுப்பில் ஏது புகை.

அந்தக் குளிர்காலமும் அடுத்த குளிர்காலமும் அப்படியே போயின. வெயில் காலத்தில் கேரவன் யார்டில் வேகும். நாங்கள் மறுபடி மாலுக்குப் போவோம். நவம்பர் வந்தால் எங்கள் வீடு திரும்பி வரும். நான் இழுப்பேன், இடத்துக்கு வந்ததும் அவர் இறங்கிக் கை காட்டுவார். எங்கள் இல்லற வாழ்க்கையே அவ்வளவுதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மகளுக்குப் போட்டோ அனுப்பினேன். "அம்மா லாரி ஓட்டுதா" என்று ஹாஸ்டல் முழுக்கக் காட்டினாளாம்.

பிறகு சவுதியில் இருக்கிற ஜுபைல் எங்களுக்கு நடுவில் வந்தது. அவருடைய கம்பெனிக்கு அங்கே ஒரு பெரிய பிளாண்ட்டில் வேலை கிடைத்திருந்தது. இவரை சூப்பர்வைசராக அனுப்புகிறார்கள். மூன்று வருஷம். சிக்னல்மேனாக வெயிலில் நின்றவருக்கு ஏசி போட்ட கேபின். அடுத்த திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். போனில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "என்ன செய்யட்டும்?" என்றார்.

நான், "நல்லதுதான, போங்க" என்றேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. போகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம், போகவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். இருபது வருஷம் ஆளுக்கொரு திசையில் கிடந்து, இப்போதுதான் ஒரு கதவு கிடைத்திருக்கிறது. அதை விடலாமா என்று என்னிடம் கேட்கிறார். நில்லு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்பது டிகிரி வெயிலில் மனிதர் எத்தனை வருஷம் நின்றார் என்று எனக்குத்தான் தெரியும். அவர் போனால் அந்தக் கேரவன் எனக்கு எதற்கு? தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளே நான் மட்டும் உட்கார்ந்திருக்கவா? நைட் டியூட்டியில் ஊசி போடும்போதுகூட இதே நினைப்புதான்.

கோபம் வந்தால் சிலர் பாத்திரம் தேய்ப்பார்கள். நான் முசஃபாவுக்குப் போனேன். டியூட்டி முடிந்து நேராக யார்டுக்கு வண்டியை விட்டு, கேரவனை மாட்டினேன். தனியாகவே ரிவர்ஸ் எடுப்பது என்று முடிவு. போகட்டும், எனக்கு ஒருத்தரும் கை காட்ட வேண்டாம். யார்டு காவல்காரரான பெஷாவர்க்காரர் ஓடி வந்து, "ஆவோ பெஹன், ஆவோ" என்று கை ஆட்டினார். "பாய், ஆப் சுப் பைட்டோ", பேசாமல் உட்காருங்கள் என்றேன். அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

முதல் நாள் ஒரு படகை உரசப் பார்த்தேன். அடுத்த நாள் ஒரு விஷயம் பிடிபட்டது. ஸ்டியரிங்கின் மேல்பக்கத்தைப் பிடிக்காமல் கீழ்ப்பக்கத்தை ஒற்றைக் கையால் பிடித்தால் குழப்பமே இல்லை. கை போகிற பக்கம் கேரவன் போகும். ரொம்பத் திருப்பக்கூடாது, வேகமாகப் போகக்கூடாது, மடங்குகிற மாதிரி தெரிந்தால் கூச்சப்படாமல் முன்னால் போய் நேராக்கிக்கொண்டு வர வேண்டும். வியாழக்கிழமைக்குள் இரண்டு படகுகளுக்கு நடுவில், ஒரு சாண் இடைவெளியில், யார் துணையும் இல்லாமல் வீட்டைக் கொண்டுபோய்ச் செருகினேன். காவல்காரர் எழுந்து நின்று சலாம் வைத்தார். சந்தோஷப்பட வேண்டியவள், ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் லீவு ஒத்துப்போனது. இதுதான் கடைசிப் பயணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவர் கொக்கியை ஆட்டிப் பார்த்தார், செயினைக் குறுக்காகப் போட்டார், சிவப்பு எரிகிறதா பார்த்தார். ஹைவேயில் எதிரே வந்த லாரிகளுக்குக்கூட அவர் கை காட்டவில்லை. எனக்கு மனசுக்குள் ஒரு திட்டம் இருந்தது. கடற்கரைக்குப் போனதும், "நீங்க இறங்க வேண்டாம், அப்படியே உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, அதே சந்துக்குள் ஒரே மூச்சில் கேரவனை விட்டுக் காட்ட வேண்டும். நீங்கள் இல்லாமலும் எனக்கு நடக்கும், நிம்மதியாகப் போய்விட்டு வாருங்கள் என்று வாயால் சொல்ல முடியாததை வண்டியால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பாதி அன்பு, பாதி வீம்பு.

சந்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். வாயைத் திறக்கப் போனேன். அவர் கையுறையை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் முன்கண்ணாடியைப் பார்த்துப் பேசினார்.

"நேத்தே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னிய?"

"வேண்டாம்னு. வேற ஆளப் பாத்துக்கோங்கன்னு."

"எதுக்கு? சூப்பர்வைசர் வேலைல்லா அது?"

"இருக்கட்டும்." விசிலைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துத் துடைத்தார். "நான் அங்கன போயிட்டா, ஒனக்கு ரிவர்ஸுக்கு யாரு கை காட்டுவா? கண்டவன் பேச்சையும் கேட்டு வீட்டக் கொண்டு கடல்ல விட்டுருவ."

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கதவைத் திறந்து, பக்கப்படியில் ஒரு காலை வைத்துக் குதித்து இறங்கினார். மணலில் நடந்து போய் மேட்டுக்குப் பக்கத்தில் காலை அகட்டி நின்றார். இடது பக்கத்துக் கண்ணாடியில் முழுசாகத் தெரிந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு கையையும் தூக்கி, வா என்றார்.

கியரை ரிவர்ஸில் போட்டேன். கை தானாகவே ஸ்டியரிங்கின் கீழ்ப்பக்கத்துக்குப் போனது. அதை எடுத்து மேலே வைத்து, வேண்டுமென்றே தப்பான பக்கம் திருப்பினேன்.